பங்குனியில் ஊர் திரும்பும் பறவைகள்

சம்பா அறுவடை முடிந்து, தாளடியும் வீடு வந்து சேர்ந்துவிட்ட மாசிக் கடைசியில், விடியற்காலையில் நாகூர் வெட்டாற்று முகத்துவாரத்துக்குப் போய் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். ஓதம் வற்றிச் சேறு வெளியே தெரியும் நேரம் அது. பின்னால் தர்காவின் மினாராக்கள், முன்னால் கடல். இடையில் உள்ள சேற்றில் சிறு சிறு பறவைகள் கூட்டமாக நின்று, தலையைக் கூடத் தூக்காமல் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருக்கும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது களத்து நெல்லை அள்ளி உள்ளே போடத் துடிக்கும் குடியானவரின் அவசரம் அவற்றிடம் தெரியும்.

இவை இந்த ஊர்ப் பறவைகள் அல்ல. ஆடி, ஆவணியில் வந்து இறங்கி, மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் இங்கே கழித்துவிட்டு, சித்திரை முடிவதற்குள் புறப்பட்டுவிடும். போகும் இடம் சைபீரியா, மத்திய ஆசியா, திபெத் பீடபூமி. அங்கே பனி உருகும் சமயத்துக்குப் போய்ச் சேர்ந்து, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டும். ஆகவே மாசி, பங்குனியில் இவை தின்பது அன்றன்றைய பசிக்கு மட்டும் அல்ல. வழிச் செலவுக்கும் சேர்த்துத்தான்.

இந்தச் சில வாரங்களில்தான் காமிராவும் கையுமாக வெளியூர் ஆட்களும் டெல்டாவுக்கு வருகிறார்கள். உளுந்து வயல் வரப்பில் நின்று படம் எடுக்கும் ஆளைப் பார்த்து, 'இதில் என்ன இருக்கிறது?' என்று நமது உழவர்கள் வியப்பதும் உண்டு. இருக்கிறது. அது வயலுக்கும் சம்பந்தப்பட்ட விஷயமே.

கட்டுச்சோறு கட்டும் காலம்

கொசு உள்ளான் என்று ஒரு பறவை. பெயருக்கு ஏற்ப மிகச் சிறியது. சாதாரண நாளில் இதன் எடை 20 முதல் 25 கிராம்தான். ஒரு பிடி உளுந்தை விட இலேசு. இது கோடிக்கரையிலிருந்து கிளம்பி, சைபீரியாவின் வட முனையில் உள்ள டைமீர் தீபகற்பம் வரை போவதாக வைத்துக்கொண்டால், நேர் கோட்டில் அளந்தாலே சுமார் 7,000 கிலோமீட்டர் ஆகிறது. இடையில் இறங்கி இறங்கித்தான் போகும் என்றாலும், ஒவ்வொரு தாவலுக்கும் உடம்பில் கொழுப்பு வேண்டும். தோலுக்கு அடியிலும் வயிற்றைச் சுற்றியும் படியும் இந்தக் கொழுப்புத்தான் அதன் கட்டுச்சோறு. புறப்படும் முன் பல உள்ளான்கள் தம் எடையில் பாதி அளவுக்குக் கூடக் கொழுப்பை ஏற்றிக்கொள்கின்றன.

வெளிநாட்டில் நடந்த ஒரு கணக்கைச் சொன்னால் இதன் அருமை விளங்கும். பட்டைவால் மூக்கன் என்பது உள்ளான் இனத்தில் பெரிய பறவை. 2022ஆம் ஆண்டு, பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கனின் முதுகில் சிறு ரேடியோக் கருவி பொருத்தியிருந்தார்கள். அது அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் போய் இறங்கியது. தூரம் 13,560 கிலோமீட்டர், எடுத்துக்கொண்டது 11 நாள். வழியில் ஒரு வாய் தீனி இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாம் புறப்படும் முன் சேற்றில் குத்தித் தின்றதுதான்.

பங்குனியில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. மழைக்காலம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாக, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் இருந்த பறவைகள் இறகு மாற்றிக்கொள்கின்றன. மூக்கு கீழ்நோக்கி வளைந்த உள்ளானுக்குக் கழுத்தும் மார்பும் செங்காவியாக மாறும். கருவால் மூக்கன் செங்கல் நிறம் கொள்ளும். பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறு மை பூசினாற்போல் கறுக்கும். மணல்வெளியில் ஓடும் சிறு உப்புக்கொத்திகளுக்கு மார்பில் காவிப் பட்டை விழும். வயலில் மாட்டின் காலடியில் ஓடும் மஞ்சள் வாலாட்டி, அப்போதுதான் உண்மையிலேயே மஞ்சளாகத் தெரியும். கலியாணத்துக்குப் புறப்படுகிறவர் வழியிலேயே புதுவேட்டி கட்டிக்கொள்வதைப் போலத்தான். படம் எடுப்பவர்கள் மார்கழியை விடப் பங்குனியை விரும்புவதன் காரணம் இது.

கோடிக்கரையில் போட்ட வளையம்

நாகூரிலிருந்து தெற்கே நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாக அறுபது, எழுபது கிலோமீட்டர் போனால் கோடிக்கரை. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை. அங்கே உப்பளமும், ஆழமில்லாத காயலும், சதுப்பும், ஓரத்தில் வறண்ட பசுமைக் காடும் உண்டு. 1967ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பு நிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கையின்படி, 2002ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டியலில் இடம் பெற்றது இதுவே. இங்கு பதிவான பறவை வகைகள் 250க்கு மேல்.

பறவை ஆராய்ச்சி இங்கே வந்த வழியே ஒரு தனிக் கதை. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்து விழுந்து, மனிதர்களுக்கும் கடுமையான காய்ச்சல் பரவியது. உண்ணிகள் மூலம் பரவும் நோய் அது. ருஷ்யாவில் உள்ள ஒரு நோய்க் கிருமிக்கு இது உறவுமுறை என்று தெரிந்ததும், வலசை வரும் பறவைகள்தாம் உண்ணியைச் சுமந்து வந்தனவோ என்ற சந்தேகம் எழுந்தது. அதை ஆராய்வதற்காக உலக சுகாதார நிறுவனம் பண உதவி செய்ய, டாக்டர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது. நோயைத் தேடிப் போன வேலையில், பறவைகள் போகும் பாதை தெரியவந்தது. கோடிக்கரையின் அருமையை நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர் சாலிம் அலி. 1896இல் பிறந்து 1987இல் மறைந்த அவர், கடைசிக் காலம் வரை இந்த இடத்தின் மேல் அக்கறையாக இருந்தார். பின்னர் டாக்டர் எஸ். பாலச்சந்திரன் போன்றோர் அங்கேயே ஆண்டுக் கணக்கில் தங்கி அந்தப் பணியைத் தொடர்ந்தனர்.

பறவையைப் பிடிப்பது படித்தவர்களால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. பீகாரில் தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்துப் பறவை பிடித்துப் பிழைத்து வந்த மிர்ஷிகார்களைக் கழகம் வேலைக்கு அமர்த்தியது. ஓர் இறகு கூட உதிராமல் பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். விற்பதற்காகப் பிடித்த கை, வளையம் போட்டு விடுவதற்காகப் பிடித்தது. வித்தை ஒன்றுதான்.

அலுமினிய வளையத்தில் ஓர் எண்ணும், கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு வரியும் பொறித்திருக்கும். இப்படி வளையமிட்டு விட்ட பறவைகள் வடக்கே, அப்போதைய சோவியத் நாட்டின் பகுதிகளில் கிடைத்தபோதுதான், இவை போகுமிடம் ஊகமாக இல்லாமல் ஆதாரத்தோடு உறுதியாயிற்று.

எலி குறைந்தால் உள்ளான் குறையும்

இவ்விடத்தில் உழவர்களுக்குச் சுவையான ஒரு செய்தி. சைபீரியாவின் வடகோடியில் லெம்மிங் என்ற எலி இனம் உண்டு. நம் வரப்பு எலியைப் போலவே, சில ஆண்டு பெருகித் தள்ளும். பிறகு திடீரென்று அடியோடு குறைந்துபோகும். ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒரு முறை இந்தச் சுற்று வரும். எலி நிறைய இருக்கும் ஆண்டில் அங்குள்ள நரி எலியைத் தின்று திருப்தியாக இருக்கும். எலி குறைந்த ஆண்டில் நரியின் கண் தரையில் கூடு வைத்திருக்கும் உள்ளானின் முட்டை மேலும் குஞ்சின் மேலும் விழும். அந்த ஆண்டு தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவைகள் மிகக் குறைவாக இருக்கும். டைமீரில் எலிக்கு வந்த பஞ்சம், கோடிக்கரை உப்பளத்தில் உள்ளானின் எண்ணிக்கையில் தெரியும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கலாம். ஆனால் வளைந்த மூக்கு உள்ளான் விஷயத்தில் இது நன்கு நிறுவப்பட்ட உண்மை.

எலி ஏறி இறங்குவது இயற்கை. வேறு சில குறைவுகள் அப்படி அல்ல. 1980களில் கோடிக்கரையில் கண்ட சிறு உள்ளான் கூட்டம் இப்போது இல்லை என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சதுப்புக்கு வந்து சேரும் நல்ல தண்ணீர் குறைந்து உப்பு ஏறிக்கொண்டிருப்பது ஒரு காரணம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் காட்டையும் பறவையையும் மானையும் ஒரே இரவில் வாரிப்போட்டது. உலக அளவிலும் வளைந்த மூக்கு உள்ளானின் எண்ணிக்கை சரிந்ததால், 2024ஆம் ஆண்டு அதை அழியும் ஆபத்துக்கு உள்ளான இனங்களின் வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

காமிராக்காரர் கவனத்துக்கு

படம் எடுப்பதில் தவறு எதுவும் இல்லை. எடுக்கும் விதத்தில்தான் சங்கதி. சேற்றில் மேயும் கூட்டத்தை நோக்கி நேராக நடந்தால் அது எழும்பிப் பறக்கும். பறக்கும் கூட்டம் படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். அதற்காகக் கல்லெறிந்து, கை தட்டிக் கிளப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தடவை கிளப்பினால் பறவை ஒரு வட்டமடித்து இறங்கும். ஒரு காலையில் பத்துப் பேர் வந்து பத்துத் தடவை கிளப்பினால், ஓதம் ஏறுமுன் தின்றிருக்க வேண்டியதைத் தின்ன முடியாமல், உடம்பில் சேர்த்ததையும் அல்லவா அது செலவழிக்கிறது! களத்தில் தூற்றிக் குவித்த நெல்லை ஒருவர் வந்து வந்து காலால் எற்றிவிட்டுப் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

பறவை கிட்ட வரும்படி செய்துகொள்வதே உத்தமம். ஓதம் வற்றத் தொடங்குமுன் போய், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, கரையோரம் தாழ உட்கார்ந்துவிட வேண்டும். நிற்கும் ஆளைக் கண்டு மிரளும் பறவை, உட்கார்ந்த ஆளை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. மண் நிற உடை நல்லது. அரைமணி நேரம் அசையாமல் இருந்தால், நீர் வற்ற வற்றப் பறவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தால், அதற்கு மேல் ஓர் அடி கூட நெருங்கக் கூடாது என்று அர்த்தம். காரோ ஜீப்போ இருந்தால் உள்ளே இருந்தபடியே எடுக்கலாம்; மனிதனுக்குப் பயப்படும் அளவு பறவை வண்டிக்குப் பயப்படுவதில்லை. காலை எட்டு மணிக்கு மேல் உப்பு நிலத்தில் கானல் எழும்பும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்சானாலும் படம் நெளியும். அதற்குப் பிறகு மாலை நான்கு மணிக்கு மேல்தான். ஓடும் பறவைக்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் என்று காமிராவில் வைத்துக்கொள்ள வேண்டும். சரணாலயத்துக்குள் ஆளில்லாமல் பறக்கும் குட்டி விமானத்தை அனுமதியின்றி விடுவது குற்றம்.

பெரிய லென்ஸ் லட்ச ரூபாய்க்கு மேல் போகிறது. அது இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். தமிழகத்தின் தலைசிறந்த இயற்கையாளர்களில் ஒருவரான மா. கிருஷ்ணன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பழைய காமிராக்களின் பாகங்களைத் தாமே இணைத்துச் செய்த கருவியில், கறுப்பு வெள்ளையில்தான் காட்டு உயிர்களைப் படம் பிடித்தார். சாதனத்தை விடப் பொறுமைக்குத்தான் பறவை வசப்படும்.

செல்போனில் எடுக்கும் படம் கூடப் பயன்படும். ஏனென்றால் இப்போது சில பறவைகளின் காலில் வளையத்தோடு, எழுத்தும் எண்ணும் பொறித்த நிறப் பட்டையும் மாட்டுகிறார்கள். அந்தப் பட்டை தெளிவாக விழுந்த ஒரு படம் இருந்தால் போதும். பறவையைப் பிடிக்காமலே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். வரப்பில் நிற்கும் பள்ளிப் பிள்ளை எடுத்த படமானாலும் ஆராய்ச்சிக்கு ஒரே மதிப்புத்தான்.

வயலில் இவற்றுக்கு என்ன வேலை?

பறவை என்றதும் உழவருக்கு முதலில் நினைவு வருவது சேதம். அது நியாயமே. நேரடி விதைப்பு நெல்லைப் புறாவும் மணிப்புறாவும் பொறுக்கும். பால் பிடித்த கதிரில் தினைக்குருவியும் தூக்கணாங்குருவியும் விழும். நீலத் தாழைக்கோழி நாற்றைப் பிடுங்கிப் போடும். அண்மை ஆண்டுகளில் மயில் பல ஊர்களில் பெரிய தொல்லையாகிவிட்டது. வலசை வரும் பறவைகளிலும் ஊசிவால் வாத்து போன்றவை சில சமயம் நெல் வயலில் இறங்கும். இதையெல்லாம் மறைத்துப் பறவைகள் யாவும் உழவர் நண்பர்கள் என்று மேடையில் பேசுவது எளிது. கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தப் பேச்சு உதவாது.

ஆனால் மாசி, பங்குனியில் கணக்கு வேறு. அப்போது வயலில் நெல் இல்லை. சம்பா, தாளடித் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் நிற்கின்றன. 1981இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 3 உளுந்து, அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக நெற்பயிருக்குள்ளேயே விதைத்து, 70, 75 நாளில் எடுப்பதற்கென்றே வந்த இரகம். அது பூத்துக் காய் பிடிக்கும் சமயத்தில்தான் புரொடீனியா புழுவும் காய்ப்புழுவும் தாக்கும். அதே சமயத்தில்தான் வடக்கே போகத் தயாராகும் பூச்சி தின்னிகளும் வயலைச் சுற்றி மொய்க்கும். மஞ்சள் வாலாட்டி தரையில் ஓடிப் பூச்சி பொறுக்கும். மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். நீலவால் பஞ்சுருட்டான் அந்துப்பூச்சியையும் தட்டானையும் பிடிக்கும். (தேன் பெட்டி வைத்திருப்பவர்கள் இதன் மேல் கோபப்படுவதிலும் நியாயம் உண்டு.) ஊரிலேயே இருக்கும் கரிச்சானும் உண்ணிக்கொக்கும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

உளுந்து வயலில் ஏக்கருக்கு 20 வீதம் பறவை தாங்கிக் குச்சிகளை நடும்படி வேளாண் துறையினர் சொல்வது இதற்காகத்தான். 'T' எழுத்தைப் போல் குறுக்குக் கட்டை வைத்த குச்சி, பயிருக்கு ஓரடி மேலே தெரிந்தால் போதும். கரிச்சானும் பஞ்சுருட்டானும் கீச்சானும் அதில் உட்கார்ந்து புழுவையும் அந்துப்பூச்சியையும் பார்த்துப் பார்த்துப் பிடிக்கும். இராத்திரியில் அதே குச்சியில் ஆந்தை வந்து உட்கார்ந்தால் எலிக்கும் ஆயிற்று. செலவு என்று பார்த்தால் அரை நாள் வேலை. நெல்லில் நடும்போது மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதிர் தின்னும் குருவிக்கு நாமே பலகை போட்டதாகிவிடும்.

சேற்று உள்ளான்கள் தின்பது புழு, நத்தைக் குஞ்சு, பூச்சிப் புழுக்கள். இவற்றால் பயிருக்குச் சேதம் கிடையாது. பேதை உள்ளானும் கருவால் மூக்கனும் அறுவடையில் உதிர்ந்த நெல்லைப் பொறுக்குவது உண்டு. அது நாம் எடுக்கப்போகிற நெல் அல்ல.

ஒரே பறவை ஓரிடத்தில் பகையாகவும் இன்னோரிடத்தில் உறவாகவும் இருப்பதற்கு நல்ல உதாரணம் சூறைக்குருவி. சோளக்குருவி என்றும் சொல்வார்கள். உடல் இளஞ்சிவப்பு, தலையும் இறக்கையும் கறுப்பு. தமிழகத்தில் சோளக் கொல்லையில் கூட்டமாக இறங்கினால் கதிரைக் காலி செய்துவிடும். பங்குனி, சித்திரையில் மத்திய ஆசியாவுக்குத் திரும்பிப் போய் அங்கே வெட்டுக்கிளியைத் தின்று தீர்க்கிறது. சீனத்தின் சின்ச்சியாங் மேய்ச்சல் நிலங்களில், இது கூடு கட்டுவதற்கென்றே கற்களையும் செங்கல்லையும் அடுக்கிக் கொடுக்கிறார்கள். அங்கே மருந்தடிக்கும் செலவு அவ்வளவுக்கு அவ்வளவு மிச்சம்.

குருணை மருந்து வைக்காதீர்

டெல்டாவில் சில இடங்களில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நெல்லிலோ மீனிலோ குருணை மருந்தைக் கலந்து வரப்பில் வைத்து, விழும் கொக்கையும் மடையானையும் வாத்தையும் உள்ளானையும் சாலையோரத்தில் இறைச்சிக்கு விற்கிறார்கள். வலை கட்டியும் பிடிக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது சிறைக்குப் போகும் குற்றம். சட்டம் கிடக்கட்டும். நரம்பைத் தாக்கும் மருந்தைத் தின்று செத்த பறவையைக் குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்குப் போடுகிறோம் என்பதை வாங்குகிறவர் யோசிக்க வேண்டாமா? மருந்து வைத்த வரப்பில் மறுநாள் ஆட்டுக்குட்டியும் கோழியும் மேயும். நம் வயலில் வெளியாள் வந்து மருந்து வைத்தால் தடுத்து நிறுத்தும் உரிமை நமக்கு உண்டு. வனத்துறைக்குச் சொல்லும் பொறுப்பும் உண்டு. நம் வரப்பில் நடப்பது நமக்குத் தெரியாமல் நடப்பதில்லை.

இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்டியவர்கள் உழவர்களே. செங்கற்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798ஆம் ஆண்டு, அங்கே யாரும் பறவையைச் சுடக் கூடாது என்று கௌல் வாங்கிக்கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளைகிறது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் அவர்கள். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதை ஆராய்ச்சிக்கூடம் சொல்வதற்கு வெகு முன்பே நடந்த சங்கதி இது. இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டியிலும் அதே வழக்கம்.

ஏரியை ஆழப்படுத்தும்போது

டெல்டாவுக்குள்ளேயே தஞ்சாவூர், மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரியும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் இருக்கின்றன. இரண்டுமே மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் வந்து நிரம்பும் பாசன ஏரிகள். இரண்டும் 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ஐப்பசி முதல் மாசி வரை கூழைக்கடாவும், அரிவாள் மூக்கனும், நத்தை குத்தி நாரையும், வாத்து வகைகளும் அங்கே கூடும். நத்தை குத்தி நாரை வயலில் இறங்கி நத்தையையும் நண்டையும் பொறுக்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பங்குனிக்குப் பிறகு தண்ணீர் வற்ற வற்ற, விளிம்புச் சேற்றில் உள்ளான்கள் இறங்கும். வடக்கே போகும் பயணத்தில் அது அவற்றுக்கு ஒரு சத்திரம்.

தூர் வாருவது அவசியம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இயந்திரத்தை விட்டு நான்கு பக்கமும் செங்குத்தாக ஒரே ஆழத்துக்கு வெட்டிவிட்டால், தண்ணீர் நிற்கும், பறவை நிற்காது. கொசு உள்ளானின் கால் ஒரு விரல் நீளம் கூட இல்லை. கணுக்கால் நனையும் நீரில்தான் அது மேய முடியும். ஆகவே ஏரியோ குளமோ பண்ணைக்குட்டையோ, ஒரு பக்கக் கரையை மட்டும் சரிவாக விட்டு வெட்டச் சொல்ல வேண்டும். மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் அதுதான் வசதி. நீர் கொள்ளளவில் பெரிய இழப்பு நேராது. ஒப்பந்தக்காரர் தாமாக இதைச் செய்யமாட்டார். பாசன சங்கத்தார் முன்கூட்டியே சொன்னால்தான் நடக்கும்.

கோடை உழவுக்கு ஏர் பூட்டுமுன் இன்னொன்று. வலசைப் பறவைகள் கிளம்பும் அதே சமயத்தில், நம் ஊர் ஆள்காட்டி தரிசில் மண்கட்டிகளுக்கு நடுவே முட்டையிடும். முட்டை மண் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தால் கூடு பக்கத்தில்தான். இரண்டு பக்கமும் குச்சி நட்டுவிட்டு, டிராக்டர்காரரிடம் அந்தச் சாணளவு இடத்தை விட்டு ஓட்டச் சொல்லலாம். அங்கே நின்று வெகுநேரம் படம் எடுப்பதும் கூடாது. தாய்ப் பறவை எழுந்து போய்விட்டால், சித்திரை வெயிலில் சிறிது நேரத்திலேயே முட்டை வெந்துவிடும்.

வரப்பிலோ கடற்கரையிலோ காலில் வளையத்துடன் செத்த பறவை கிடைத்தால், வளையத்தைக் கழற்றி, கண்ட இடம், தேதி, எப்படிக் கிடைத்தது என்ற விவரத்தோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், ஹார்ன்பில் ஹவுஸ், மும்பை என்ற விலாசத்துக்கு அனுப்பலாம். உயிருள்ள பறவையானால் வளையத்தைக் கழற்றாமல், எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். பறவைகளை அடையாளம் கண்டு எண்ணப் பழக விரும்பும் பிள்ளைகளுக்கு, 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல ஆரம்பம். ஊரில் இருந்தபடியே, கால் மணி நேரம் பார்த்து எண்ணி எழுதினாலே சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆண்டுக் கூட்டம் புறப்படுவதைப் பார்க்க நினைப்பவர்கள், பங்குனிக் கடைசி முதல் சித்திரை முதல் வாரம் வரை, பொழுது சாயும் நேரத்தில் கடற்கரையில் நிற்கலாம். பகல் முழுதும் மேய்ந்த உள்ளான்கள், அந்திக் கருக்கலில் சத்தமிட்டபடி எழும்பி, உயர உயரப் போய், வடக்கே திரும்பி மறையும். எல்லாமே போய்விடும் என்பதில்லை. முதல் ஆண்டுக் குஞ்சுகள் பல, இனப்பெருக்கத்துக்கு வயது வராததால், கோடை முழுதும் இங்கேயே தங்கும். போனவற்றில் சீக்கிரமாகத் திரும்புபவற்றில் வளைந்த மூக்கு உள்ளானின் ஆண் பறவைகளும் உண்டு. அடைகாக்கும் வேலை அவற்றுக்கு இல்லை. கடைமடையில் சம்பாவுக்கு நாற்றங்கால் தயார் செய்யும் ஆடிக் கடைசியில், பாதி காவியும் பாதி சாம்பலுமாக அவை மறுபடி சேற்றில் இறங்கியிருக்கும்.